இரண்டு வயது ஏழு மாதம், இன்னும் பேச்சு வரவில்லை. மூன்று வயது வரை காத்திருக்கலாமா?

கயல்_ராஜபாளையம்
செவ்வாய், இரவு 10.50

வணக்கம். பிள்ளை தூங்கிய பிறகு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு இந்த மாதத்தோடு இரண்டு வயது ஏழு மாதம். தவழ்ந்தது, நடந்தது, மாடிப்படி ஏறியது எல்லாம் நேரத்துக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. இன்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஆறு சொல். 'ம்மா', 'தாத்தா' (வீட்டில் எல்லோருமே அவனுக்குத் தாத்தாதான்), காக்காவுக்கு 'கா', பஸ்ஸுக்கு 'பாம்', 'ஆய்', வேண்டாம் என்றால் 'ம்ஹூம்'. ஆனால் செல்போனில் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்து 26-ஐயும் வரிசையாகச் சொல்கிறான். தாகம் எடுத்தால் தண்ணி என்று சொல்ல வரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானை முன்னால் நிறுத்துகிறான். அத்தனை எழுத்து வரும் வாயில் தண்ணி ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நாம் சொல்வது புரிகிறது. 'அப்பா செருப்பை எடுத்துட்டு வா' என்றால் சரியாக அதையே எடுத்து வருவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் நான்கு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். போன ஐப்பசி மழையில் இரண்டு முறை காதில் சீழ் வந்தது. சொட்டு மருந்து விட்டோம், நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். தைக்கும்போது அவன் மெஷின் பக்கம் வராமல் இருக்கப் போனைக் கொடுத்துவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது பார்ப்பான். அதனால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பக்கத்தில் காட்டிய டாக்டர், 'ஆம்பளப் பிள்ளை, மூணு வயசு வரைக்கும் பாருங்க' என்றார். அத்தை வசம்பு உரசி நாக்கில் தடவுகிறார், கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைக்கச் சொல்கிறார். ஒரு தனியார் மையத்தில் விசாரித்தோம். வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம், 500 ரூபாய். மாதப் பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும், அம்மா உள்ளே வரக்கூடாது என்றார்கள். பத்தாயிரம் எங்களால் முடியாது.

இது ஆட்டிசமா? காத்திருக்கலாமா? மையத்துக்குப் போகாமல் வீட்டிலேயே செய்ய ஏதாவது இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


முருகேசன்_த
செவ்வாய், இரவு 11.15

பயப்படாதீங்க சகோதரி. எங்க அண்ணன் மகன் நாலு வயசில்தான் வாயைத் திறந்தான். இன்றைக்கு வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில பிள்ளைகள் தாமதம்தான், தானாக வரும்.


ரேவதி_திண்டுக்கல்
புதன், காலை 5.40

தங்கச்சி, முருகேசன் அண்ணன் ஆறுதலுக்காகச் சொல்கிறார், அது புரிகிறது. என்னிடமும் எல்லோரும் இதையே சொன்னார்கள். அதைக் கேட்டு எட்டு மாதம் சும்மா இருந்தேன். தானாகப் பேசிய பிள்ளைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளை அந்த வகையா இல்லையா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. நீங்கள் அந்த எட்டு மாதத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் விடியற்காலையில் எழுந்து எழுதுகிறேன்.

என் மகனுக்கு இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. இரண்டு வயது பத்து மாதத்தில் பேச்சுப் பயிற்சி தொடங்கினோம். அப்போது அவனிடம் நான்கே சொல்தான்.

முதலில் காது. காதில் சீழ் வந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. என் மகனுக்கும் சளி பிடித்தால் காது அடைக்கும். கதவைத் தட்டினால் திரும்புவான், குக்கர் விசில் அடித்தால் ஓடி வருவான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். டிம்பனோமெட்ரி என்று ஒரு சோதனை எடுத்தார்கள், காதில் ஒரு முனையைச் செருகி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. செவிப்பறைக்குப் பின்னால் தண்ணீர் கோத்து நிற்கிறது என்றார்கள். கிணற்றுக்குள் முங்கியிருக்கும்போது மேலே நிற்பவர் பேசினால் எப்படிக் கேட்கும், அப்படித்தான் இவனுக்கு நம் பேச்சு கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். சத்தம் கேட்கும், சொல் தெளியாது.

அப்புறம் பெரா சோதனை, சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது. பிள்ளை நன்றாகத் தூங்கினால்தான் எடுக்க முடியும். முந்தைய இரவு தூங்க விடாமல் கூட்டி வரச் சொன்னார்கள். நாங்களும் ராத்திரி ஒரு மணி வரை விளையாட்டுக் காட்டினோம். ஆனால் காலையில் பஸ்ஸில் ஏறியதும் என் மடியில் தூங்கிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் முழித்தவன் அதற்குப் பிறகு தூங்க மருந்து கொடுத்தும் இரண்டு மணி நேரம் அழுதான். அன்று சோதனை நடக்கவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி தேதி கிடைத்தது.

நரம்பில் கோளாறு இல்லை என்று வந்தது. தண்ணீரும் சிகிச்சையில், மூன்று மாதத்தில் வற்றிவிட்டது. ஆனால் காது தெளிந்ததும் பேச்சு தானாக வந்துவிடவில்லை. அதற்குத்தான் பயிற்சி.

முதல் நாள் அந்தப் பயிற்சியாளர் என் மகனுக்கு ஒரு சொல்கூடச் சொல்லித் தரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழ் ஊதினார். இரண்டு முறை ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவன் திறக்கப் பார்த்தான், முடியவில்லை. சிணுங்கினான். பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தான். பார்த்த நொடியில் 'தா' என்று சொல்லிவிட்டு ஊதினார். இதையே இருபது நிமிடம் செய்தார்.

அப்புறம் என்னைப் பார்த்து, 'உங்க பையன் பால் வேணும்னா எப்படிக் கேட்பான்?' என்றார். நான் யோசித்தேன். அவன் கேட்டதே இல்லை. பசிக்கும் நேரம் எனக்குத் தெரியும், முகம் மாறுவதற்குள் டம்ளரை நீட்டிவிடுவேன். நல்ல அம்மா என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். 'அவன் கேட்க இடமே இல்லையேம்மா' என்றார். அன்று வீடு திரும்பும் வரை அந்த வார்த்தைதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் திட்டவில்லை, நானும் குற்றவாளி இல்லை. நீங்களும் இல்லை. ஆனால் அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

அதன்பிறகு வீட்டில் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். பிஸ்கட்டை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு அவன் கண்ணில் படும் தட்டில் வைத்தேன், கைக்கு எட்டாது. இட்லியை முழுதாக வைக்காமல் ஒரு விள்ளல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கார் பொம்மையின் சாவியை என் கையில் வைத்துக்கொண்டேன். காத்திருப்பது என்றால் மனசுக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவது. படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். பிள்ளை நம்மைப் பார்த்துக் கையை நீட்டும்போது ஐந்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்தால்தான் தெரியும். முதல் வாரம் எனக்கு மூன்றுக்கு மேல் போகவில்லை. அவன் ஒரு பார்வை பார்த்தாலும், ஒரு 'ம்' சொன்னாலும் உடனே 'தா' என்று நான் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அவன் அழும்வரை இழுக்கக் கூடாது. பசியில் துடிக்கும் பிள்ளையிடம் இதைச் செய்யவே கூடாது.

'சொல்லு' என்ற சொல்லை வீட்டில் நிறுத்தினோம். 'அம்மா சொல்லு, பால் சொல்லு' என்று நச்சரித்தால் பிள்ளை வாயை இன்னும் இறுக்கிக்கொள்ளும். என் மாமியாருக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. 'சொல்லுடா தங்கம்' என்பது அவர் வாயில் மூச்சு மாதிரி.

நிறம், எழுத்து, எண் எதுவும் வேண்டாம் என்றார்கள். நம் தமிழில் தா, வா, போ, வை என்று ஒரே எழுத்தில் முழு வேலை வாங்கும் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் தொடங்கினோம். அப்புறம் எடு, போடு, ஊத்து, திற. 'மஞ்சள்' என்று சொல்லி ஒரு பிள்ளை என்ன கேட்டு வாங்க முடியும்? 'தா' என்றால் உலகத்தில் எதையும் வாங்கலாம்.

அவன் ஒரு சொல் சொன்னால் நாம் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பையன் 'கா' என்கிறான் இல்லையா, 'காக்கா போகுது' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஒவ்வொரு விரலுக்கும் சோறூட்டி, கடைசியில் அக்குள் வரை நண்டு ஊர விடுவோமே, அந்த விளையாட்டை என் மாமியார் எடுத்துக்கொண்டார். முழங்கை வரை நண்டை ஏற்றிவிட்டு நிறுத்திவிடுவார். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பான். அந்த நிறுத்தலில்தான் ஒரு நாள், ஏழாவது வாரம், 'வா' என்றான். நண்டைக் கூப்பிட்டான். மாமியார் அழுதுவிட்டார். அடுத்த நாளிலிருந்து 'சொல்லு' நின்றது.

மொச்சை உரிக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து 'எடு, போடு' என்று ஒரு மணி நேரம் சளைக்காமல் விளையாடுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உங்கள் அத்தையோடு வசம்புக்காகச் சண்டை போட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அவரை இந்த வேலைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மையத்துக்குப் போனது வாரம் ஒரு முறைதான். பிள்ளை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீட்டில்தானே இருக்கிறது. அம்மா உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் இடத்துக்கு, ஓசியில் என்றாலும் நான் போக மாட்டேன். அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தானே வீட்டில் செய்ய முடியும்?

போன் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. போன்தான் காரணம் என்று உங்களை நீங்களே அறுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் போன் காத்திருக்காது. பிள்ளை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். தைக்கும்போது வெட்டுத்துணித் துண்டுகளை ஒரு கூடையில் போட்டு அவனிடம் கொடுத்துப் பாருங்கள். போடு, எடு, கொட்டு. மெஷின் ஓடும்போது பேசாதீர்கள், நிறுத்திவிட்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசுங்கள்.


பேச்சுப்பயிற்சி_மதுரை
புதன், மதியம் 2.05

வணக்கம் கயல். நான் பேச்சு, கேட்டல் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். ரேவதி அம்மா எழுதியதில் நான் திருத்த ஒன்றும் இல்லை. உங்கள் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

காத்திருக்க வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில், இரண்டரை வயதில் சுமார் 50 சொல்லும், 'நாய் ஓடுது' போல இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நான்கில் மூன்று பிள்ளைகளாவது அந்த வயதுக்குள் எட்டும் அளவு அது. ஆறு சொல் என்பது வெகு தூரம். ஆண்பிள்ளைகள் சராசரியில் சற்றுப் பின்தங்குவது உண்மை, ஆனால் அது சில வார, மாத வித்தியாசம்தான், 6-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் அல்ல.

எழுத்து வரும் வாயில் தண்ணி ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எழுத்து வரிசை அவனுக்குப் பாட்டு போல. யாரிடமும் எதையும் கேட்கவோ சொல்லவோ அது பயன்படவில்லை, அதனால் அதை நாங்கள் சொல் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது: அவன் நாக்கும் உதடும் வேலை செய்கின்றன. வசம்பு தடவ அங்கே நோய் இல்லை. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசுவான் என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். நாக்கு ஒட்டினால் சில எழுத்துகளின் உச்சரிப்பு கெடலாம், சொல்லே வராமல் போகாது.

ஆட்டிசமா என்பதை எழுதியதை வைத்து யாரும் சொல்லக் கூடாது. நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. வானத்தில் விமானம் போனால் விரலால் காட்டிவிட்டு நீங்கள் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? நீங்கள் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போல விளையாடுகிறானா? முன்பு வந்த சொல் எதுவும் காணாமல் போயிருக்கிறதா? கையைப் பிடித்து இழுப்பது மட்டும் இருந்து, விரல் நீட்டிக் காட்டுவது இல்லை என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் 16 முதல் 30 மாதம் வரைதான், உங்கள் மகன் 31-ல் இருக்கிறான். ஆகவே குழந்தை வளர்ச்சி மருத்துவர் நேரில் பார்ப்பதே நல்லது.

பணம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், ஆர்.பி.எஸ்.கே. என்பார்கள், மாவட்டங்களில் பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இடையீட்டுச் சேவை மையங்கள் (டி.இ.ஐ.சி.) உண்டு. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும். உங்களுக்கு விருதுநகர். டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள், குழந்தைகள் பிரிவில் வழி சொல்வார்கள். குழந்தை மருத்துவர், காது சோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே அனுப்புவார்கள், கட்டணம் இல்லை. உங்கள் தெரு அங்கன்வாடியில் சொல்லி வைத்தால் ஆர்.பி.எஸ்.கே. குழு வரும்போது சீட்டு எழுதித் தருவார்கள். அதற்காகக் காத்திருக்காமல் நேரிலும் போகலாம்.

தனியாரிடம் போக நேர்ந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நான்கு வருடப் பட்டம் படித்துப் பதிவு செய்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். மூன்று மாதப் பயிற்சி முடித்துவிட்டுப் பலகை மாட்டியிருப்பவர்களிடம் கசந்துபோய் வரும் பெற்றோரை நான் மாதாமாதம் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். பேச்சு தாமதமான பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் போதும் என்று சில பள்ளிகள் சொல்கின்றன. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் அவனோடு விளையாடவும் கொஞ்சவும் முடியும்.


திருவள்ளூர்_அப்பா
புதன், இரவு 9.30

சகோதரி, உங்கள் மகனுக்கு எல்லாம் சரியாக வரட்டும். கொஞ்சம் வேறு வழியில் போன வீடும் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது, ஆட்டிசம். மூன்று வருடப் பயிற்சிக்குப் பிறகும் வாய்ப்பேச்சு ஐந்தாறு சொல்தான். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் படம் காட்டிப் பேசும் முறையை ஆரம்பித்தார்கள். படத்தைத் தொட்டால் பேச்சு வராமலே போய்விடும் என்று நான் ஆறு மாதம் மறுத்தேன். அப்படி ஆகாது என்று அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். முதலில் அட்டைகள், இப்போது சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலி, தமிழிலும் இருக்கிறது.

போன வருடம் ஒரு நாள் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். டேப்லெட்டை இழுத்து 'போதும்' என்பதைத் தொட்டாள். மறுபடி ஊட்டினேன், மறுபடி தொட்டாள். அதுவரை அவள் தட்டைத் தள்ளுவாள், கத்துவாள், நாங்கள் அடம் என்று நினைப்போம். வயிறு நிறைந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அவள் தட்டைத் தள்ளுவதே இல்லை. 'போதும்' வந்த பிறகுதான் வாயாலும் 'ப்போ' என்கிறாள்.

ஒருவேளை ஆட்டிசம் என்றே வந்தாலும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு (வருடம் ஒரு லட்சம் வரை, பயிற்சிச் செலவும் அடங்கும்) இரண்டுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று நான் சொல்லித் தருகிறேன். தனிமடல் அனுப்புங்கள்.


கயல்_ராஜபாளையம்
வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உங்கள் பதில்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். அவரிடமும் படித்துக் காட்டினேன்.

மதுரை மேடம், நீங்கள் கேட்டதைக் கவனித்துப் பார்த்தேன். விரலால் காட்டுகிறான், ஆனால் அபூர்வமாகத்தான். நிலாவைக் காட்டினான், என் முகத்தையும் பார்த்தான். பொம்மைக்கு ஊட்டுவது இல்லை. சொல் எதுவும் போகவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்ட.

ரேவதி அக்கா, வெட்டுத்துணிக் கூடை நேற்று வைத்தேன். முதலில் போனுக்காக அழுதான், கால் மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு துண்டாக எடுத்து என் தலையில் போட ஆரம்பித்துவிட்டான். இன்று காலை பொரிகடலை டப்பாவை மூடி இறுக்கி வைத்தேன். கொண்டு வந்து என் மடியில் வைத்தான். எண்ணினேன் அக்கா. நான்கு வந்ததும் என் கன்னத்தைப் பிடித்து அவன் பக்கம் திருப்பிப் பார்த்தான். 'தா' என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒன்பது தடவை வந்தான்.

அத்தை வசம்பை விடவில்லை. நண்டு விளையாட்டுக்கு மட்டும் சரி என்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு, விருதுநகர் போகிறோம்.


ரேவதி_திண்டுக்கல்
வெள்ளி, இரவு 10.45

ஒன்பது தடவை! எனக்கு முதல் வாரத்தில் இரண்டுதான்.

சீழ் வந்தபோது எழுதிய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். பெராவுக்குத் தேதி கொடுத்தால், அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து வழியெல்லாம் காக்கா, மாடு, லாரி என்று காட்டிக்கொண்டே போங்கள். என்ன ஆனாலும் தூங்க மட்டும் விட்டுவிடாதீர்கள். மாற்றுச் சட்டையும், அந்தப் பொரிகடலை டப்பாவும் பையில் இருக்கட்டும். ஆனால் தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று அங்கே கேட்டுக்கொண்டு அப்புறம் பொரிகடலையைக் கொடுங்கள்.